சாம்பல் போட்டு விளக்கிய தட்டு

மழை அளக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தந்தால் நீங்கள் வாசிப்பீர்களாம் என்று நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இலக்கம் நன்றாக வரும், எழுத்து அவ்வளவாக வராது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் போகும். போகட்டும்.

மழைமானியை எந்த நேரம் பார்ப்பது, கண்ணாடிக் குழாயை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பழக்கித் தந்திருப்பார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. வட்டக்கச்சிக் கொலனியில் இருபத்தாறு வருடம் மழை பார்த்தவள் நான். பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்ட காலத்தில் பார்த்தவள். என் கொப்பிகள் இன்னும் கந்தோர் அலுமாரிக்குள் இருக்கும். வெட்டித் திருத்திய ஒரு இலக்கம் அதில் இருந்தால் காட்டுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இலக்கத்தைப் பற்றி அல்ல. எழுதாமல் விட்ட நாலு நாளைப் பற்றி.

முதலில் ஓவசியர் ஐயாவைச் சொல்ல வேண்டும். நீர்ப்பாசன வேலைகளுக்கு எங்கள் பக்கத்தில் பொறுப்பாக இருந்தவர். பெயர் எழுதவில்லை. என் மனுசன் வாய்க்கால் வேலையில் விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபோது, அவர் பார்த்த மழைமானியை நான் போய்ப் பார்த்து, கரியால் சுவரில் கோடு போட்டு வைத்தேன். ஓவசியர் வந்து அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வேலையை எனக்கே எடுத்துத் தந்தார். கந்தோரில் இரண்டு பேர் மறுத்தார்கள். “அவாவுக்கு நான் பொறுப்பு” என்று சொன்னாராம்.

வேலைக்கு வந்த முதல் மாரியில் எனக்குக் காய்ச்சல். காலையில் மழைமானியடிக்குப் போகவில்லை. முற்றம் காய்ந்துதானே கிடக்கிறது என்று பாயில் இருந்தபடியே சைபர் எழுதினேன். மத்தியானம் ஐயா சைக்கிளில் வந்து கொப்பியைப் பார்த்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போய் மழைமானியைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரை என் கால்மாட்டில் ஊற்றினார். விடியப்புறம் பெய்து மண் குடித்துவிட்ட மழை அது.

“அன்னம்மா, பாத்தால் எழுதும். பாக்காட்டி வெறுமையா விடும். வெறுமையா இருந்தால் நீர் பாக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். அது பிழையில்லை. சைபர் எண்டால் நீர் பாத்தனீர் எண்டு நான் நம்புவன்.”

அதற்குப் பிறகு நான் பார்க்காத நாளுக்கு இலக்கம் எழுதியதில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

அறுபதுகள் தொடங்கிய நேரம், கொழும்பிலிருந்து ஜீப்பில் ஒருவர் வந்தார். இளம் ஆள், தமிழ்தான், கண்ணாடி போட்டவர். ஓவசியரோடு வந்து என் வளவுக்குப் பக்கத்தில், மழைமானிக்கு அருகே ஒரு உயரமான கட்டை நட்டு, அதன்மேல் அகலமான அலுமினியத் தட்டு ஒன்றைப் பூட்டினார். தட்டின் நடுவில் துளை. துளையின் கீழே போத்தல். மழை தட்டில் விழுந்து போத்தலுக்குள் இறங்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, தட்டில் ஒட்டியிருப்பதையும் கழுவிப் போத்தலுக்குள் விட்டு, மூடி, கிளிநொச்சியில் ரயில் ஏற்றிவிட வேண்டும். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் கண்ணாடிச் சாடியில் தந்தார். அதைத் தவிர வேறொன்றும் தட்டில் படக் கூடாது என்றார்.

“மழைமானி இருக்கேக்கை இது என்னத்துக்கு ஐயா?” என்று கேட்டேன்.

“இது எவ்வளவு மழை எண்டு பாக்க இல்லை அக்கா. மழைக்குள்ள என்ன இருக்கு எண்டு பாக்க.”

பிறகு விளக்கினார். உலகத்தில் பெரிய நாடுகள் இரண்டு மூன்றிடம் அணுகுண்டு இருக்கிறது. ஒருவரை ஒருவர் அடிக்காமல் இருக்கத்தான் அதை வைத்திருக்கிறார்களாம். ஆனால் ஒருவன் புதிதாக ஒன்று செய்தால் மற்றவனுக்குத் தன் குண்டு பழசாகிப் போய்விட்டது என்று பயம் வந்துவிடும். அவனும் புதிதாகச் செய்வான். செய்தது சரியாக வேலை செய்யுமோ என்று எங்கேயோ கடலிலும் பனியிலும் வெடித்துப் பார்ப்பான். அந்தப் புழுதி மேலே போய், மேகத்தோடு சுற்றி, மழையோடு இறங்கும். மரமும் புல்லும் அதைக் குடிக்கும். புல்லைத் தின்ற மாட்டின் பாலிலும் வரும்.

அடுத்த காணிக் கந்தையா அண்ணை மண்வெட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் போலவே யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வந்த ஆள். அவருடைய காணி காட்டோடு முட்டியது. யானை வெருட்ட முதல் வருடம் தகரம் தட்டினார். யானை தகரத்துக்குப் பழகிவிட்டது. அடுத்த வருடம் சீனவெடி. அதற்கும் பழகிவிட்டது. அந்த வருடம் எங்கேயோ ஒரு துவக்கு இரவல் வாங்கி வைத்திருந்தார்.

“அப்ப அவையும் என்னைப்போலத்தான்” என்றார் கந்தையா அண்ணை.

“நீ வெடி வைச்சால் யானை என்ர காணிக்கெல்லோ வருது” என்றேன் நான்.

“அதுக்கு நான் என்ன செய்ய? நீயும் ஒரு துவக்கு வாங்கு.”

கொழும்பு ஐயா சிரித்தார். ஓவசியர் சிரிக்கவில்லை.

“எங்கட நாட்டிட்ட என்ன இருக்கு?” என்று கந்தையா அண்ணை விடாமல் கேட்டார்.

“எங்களிட்ட அன்னம்மாவின்ர போத்தல் இருக்கு” என்றார் ஓவசியர்.

அந்தச் சொல் எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை, இருந்தது. அந்தப் பெருமையிலிருந்துதான் பிழை வந்தது.

முதல் போத்தலைச் சொன்னபடிதான் அனுப்பினேன். அது போன பிறகு தட்டைப் பார்க்கிறேன், காக எச்சம், இலைச் சாறு, கறுப்பாக ஒரு வளையம். வடித்த தண்ணீருக்கு அது போகவில்லை. இதற்குள் விழுந்து வருகிற தண்ணீரைக் கொழும்பில் யாரோ கையில் பிடித்துப் பார்த்து, வன்னிச் சனம் ஊத்தை என்று சொல்லப் போகிறார்களே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் வீட்டிலிருந்து போகிற செம்பும் சட்டியும் எப்படிப் போகும் என்று ஊருக்குத் தெரியும். குசினிக்குப் போய் அடுப்புச் சாம்பல் ஒரு கை அள்ளி வந்தேன். தேங்காய் நார்ப் பொச்சில் தொட்டு, தட்டு வெள்ளி மாதிரி வரும்வரை விளக்கினேன். பிறகு அவர் தந்த தண்ணீரால் அலசினேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். தட்டின் ஓரம் மடித்து அடித்திருந்தது. அந்த மடிப்புக்குள் சாம்பல் போய் ஒளித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று போத்தல் அப்படிப் போனது.

ஒரு திங்கட்கிழமை ஜீப் திரும்பி வந்தது. கொழும்பு ஐயாவின் முகத்தில் போன முறை இருந்த சிரிப்பு இல்லை. கையுறை போட்டுக்கொண்டு புல் பிடுங்கினார், மண் அள்ளினார், என் பசுவில் ஒரு போத்தல் பால் கறந்து தரச் சொன்னார். பிறகு தட்டடியில் நின்று, ஓவசியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அக்கா, தட்டை எப்பிடிக் கழுவுறனீங்கள்?”

“நீங்கள் தந்த தண்ணியிலதான் ஐயா.”

“வேற ஒண்டும் போடேல்லையே?”

நான் வாயைத் திறப்பதற்கு முன் ஓவசியர் சொன்னார். “அவா சொன்னதைத்தான் செய்வா. அவாவுக்கு நான் பொறுப்பு.”

என் வாய் மூடிக்கொண்டது. அந்த மனுசன் எனக்காகச் சொன்ன சொல்லை அவர் முகத்துக்கு முன்னாலேயே எப்படி உடைப்பது என்று நின்றேன். பிள்ளைகளே, ஒருவர் உங்களை நம்பிப் பேசும்போதுதான் பொய் சொல்வது மிகச் சுலபம். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நின்றால் போதும்.

மற்ற இடத்துப் போத்தல்களைவிட வட்டக்கச்சிப் போத்தலில் குண்டுப் புழுதி பல மடங்கு இருக்கிறது, காரணம் விளங்கவில்லை, விளங்கும்வரை சனத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் ஓவசியரிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் ஜீப் ஓட்டி வந்தவர் அதற்குள் தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டார். உங்கட ஊர் மழையில குண்டு விசம், பாலிலயும் இருக்காம். பொழுதுபடுவதற்குள் கொலனி முழுக்கக் கதை போய்விட்டது.

நான் அடுப்படியில் இருந்தேன். விறகை உள்ளே தள்ளும்போது எனக்கு விளங்கியது. ஒரு வண்டில் விறகு எரித்தால் ஒரு கடகப் பெட்டிச் சாம்பல்தான். கடல் தண்ணீர் வற்றினால் தண்ணீர் போய் உப்பு மிஞ்சுகிறது. மரம் குடித்ததெல்லாம், மரம் எரிந்து போனால், எங்கே மிஞ்சும்? கொழும்பு ஐயா சொன்னது என் காதில் இருந்தது. மரமும் புல்லும் குடிக்கும். படித்தவர்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் நான் செய்தது எனக்குத்தான் தெரியும்.

இனி நடந்ததில் ஒரு குழந்தை இருக்கிறது. கந்தையா அண்ணையின் மனுசி பாக்கியத்துக்கு அப்போது எட்டு மாதப் பெண்பிள்ளை. பிள்ளை பிறந்த கையோடு பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்து முலைப்பால் வற்றிப்போனது. அன்றிலிருந்து பிள்ளை என் பசுப் பாலில்தான் வளர்ந்தது. ஒவ்வொரு காலையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னைக் கண்டால் கை இரண்டையும் தட்டும். என்னை அல்ல, செம்பைக் கண்டுதான்.

செவ்வாய்க்கிழமை செம்போடு போனேன். பாக்கியம் படலையடியிலேயே மறித்துவிட்டாள்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. பால் வேண்டாம்.”

“அப்ப பிள்ளைக்கு என்ன குடுக்கிறாய்?”

“கஞ்சித் தண்ணி. போன வருசத்து அரிசி.”

“தண்ணி எங்கால?”

“அங்கால கைவிட்ட கிணறு ஒண்டு பலகை போட்டு மூடிக் கிடக்குதெல்லே, அதில இவர் அள்ளிக்கொண்டு வந்தவர். மழை விழாத தண்ணி.”

ஆள் புழங்காத கிணறு அது. நான் சொன்னேன், பாக்கியம், அந்தத் தண்ணி கூடாது என்று. உள்ளேயிருந்து கந்தையா அண்ணையின் குரல் வந்தது.

“எது கூடும் எண்டு நீ சொல்லன் அன்னம்மா. உன்ர போத்தல்தானே சொன்னது.”

பிறகு வெளியே வந்து வேலியில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் பகிடிக்காரன், அன்றைக்கு முகத்தில் பகிடி இல்லை.

“ஆரோ ஆரையோ வெருட்டுறதுக்கு என்ர பிள்ளை கஞ்சி குடிக்குது” என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். ஒரு வசனம். நான் தட்டைச் சாம்பல் போட்டு விளக்கினேன், பிழை தட்டில், பாலில் அல்ல. சொல்லவில்லை. எனக்கு நானே காரணம் சொன்னேன். நான் என்ன விஞ்ஞானியா, சாம்பல்தான் என்று எனக்கு எப்படித் தெரியும், பாலிலும் உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது, கொழும்பிலிருந்து முடிவு வரட்டும். எல்லாம் நல்ல காரணங்கள். இன்றைக்கும் அதில் ஒன்றையும் பிழை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவை ஒன்றுமே காரணம் இல்லை. ஓவசியருக்கு முன்னால் நான் ஊத்தைக்காரி ஆகிவிடுவேன், அதுதான் காரணம்.

புதன்கிழமை பிள்ளைக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. பாக்கியம் கஞ்சியை நிறுத்தவில்லை, வேறென்ன கொடுப்பாள். வியாழக்கிழமை நான் போனபோது பிள்ளை கை தட்டவில்லை. கண் உள்ளுக்குப் போய், உச்சிக்குழி பள்ளமாகிக் கிடந்தது. பாக்கியம் என்னைப் பார்த்து, “மழை விசம் முந்தியே உள்ளுக்கை போயிட்டுதாக்கும்” என்றாள். நான் அதற்கும் பேசாமல் நின்றேன். வீட்டுக்கு வந்து, கறந்த பாலைக் கன்றுக்கே விட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிய ஒரு தகரப் பேணியில் அடுப்புச் சாம்பலை அள்ளி மூடிக்கொண்டு கந்தோருக்கு நடந்தேன். மூன்று கட்டை தூரம். ஓவசியர் மேசையில் பேணியை வைத்துச் சொன்னேன். அவர் கத்தவில்லை. பேணியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

“எப்ப தொடக்கம் உமக்குத் தெரியும்?”

ஏன் செய்தனீர் என்று கேட்பார் என்று நினைத்து அதற்கு மறுமொழி வைத்திருந்தேன்.

“திங்கக்கிழமை ஐயா.”

“இண்டைக்கு வெள்ளி.”

“ஓம் ஐயா.”

அவர் எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றார். பிறகு கொழும்புக்கு ஒரு தந்தி எழுதினார். பக்கத்து மேசைக்காரர், என்னை எடுக்கக் கூடாது என்று முன்பு மறுத்தவர்களில் ஒருவர், மெல்லச் சொன்னார், தட்டில் இலை விழுந்து கெட்டுப்போனது என்று எழுதிவிடலாமே, எல்லோருக்கும் நல்லது என்று. ஓவசியர் திரும்பிப் பார்க்கவில்லை. என் மழைக் கொப்பியை எடுத்து விரித்தார். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். எழுத்து வராததால் நான் அதை ஒருநாளும் நிரப்பியதில்லை.

“நீர் எழுதும்.”

“எனக்கு எழுத்து வராது ஐயா.”

“வாற மாதிரி எழுதும்.”

சாம்பல் போட்டு விளக்கினேன் என்று எழுதினேன். விளக்கினதுக்கு எந்த ளகரம் என்று தெரியாமல் பிழையாகத்தான் எழுதினேன். கீழே அன்னம்மா என்று பெயர் வைத்தேன். அவர் என் பக்கம் பார்க்காமலே, “வேலை போனால் போகட்டும். இப்ப கந்தையா வீட்டை போவம், சைக்கிளில ஏறும்” என்றார்.

நாங்கள் போய்ச் சொன்னோம். கந்தையா அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையைத் துணியில் சுற்றினார். நான் ஓடிப்போய்ப் பால் கறந்து காய்ச்சிக்கொண்டு வந்தேன். பாக்கியம் சங்கில் பருக்கினாள். பிள்ளை விழுங்கியது, உடனே சத்தி எடுத்தது. மாட்டு வண்டிலில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வண்டில் வெறும் வண்டில் மாதிரி மெல்லத் திரும்பி வந்தது. பிள்ளை உயிரோடு வரவில்லை.

என்னை ஒருவரும் ஏசவில்லை. கிணற்றுத் தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் அதோடு நின்றுவிட்டது. வேலையும் போகவில்லை. ஓவசியரைத்தான் சில மாதத்தில் துணுக்காய்ப் பக்கம் மாற்றினார்கள். போகிற அன்று என் வளவுக்கு வந்து மழைமானியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போவதற்கு முன்னரே கொழும்புக் கடிதம் வந்திருந்தது. கந்தையா அண்ணையையும் பாக்கியத்தையும் என்னையும் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார். பேணிச் சாம்பலைப் பார்த்தார்களாம். சாம்பலில் மண்ணிலிருந்து இயற்கையாக வருவதும் இருக்கிறது, குண்டுப் புழுதியிலிருந்து வந்ததும் இருக்கிறது. வட்டக்கச்சிக்கு என்று தனியாக ஒன்றுமில்லை. எல்லா ஊர்ச் சாம்பலிலும் இருக்கும். பாலும் மற்ற ஊர்ப் பாலைப் போலத்தான், கொஞ்சம் இருக்கிறது, எங்கும் இருக்கிற கொஞ்சம்தான். கவலைப்படத் தேவையில்லை என்று எழுதியிருந்தது. புதிய குண்டுகள் வெடிக்க வெடிக்க அந்தக் கொஞ்சம் கூடும் என்பதால் போத்தலைத் தொடர்ந்து அனுப்பச் சொல்லியும் எழுதியிருந்தது.

பாக்கியம் ஓவசியரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

“அப்ப பாலில இருந்ததுதானே அக்கா?”

“இருந்தது. எல்லா இடத்துப் பாலிலயும் இருந்ததாம்.”

“அப்ப குடுத்திருக்கலாமோ, குடுத்திருக்கேலாதோ?”

ஓவசியர் கடிதத்தை மடித்தபடி நின்றார். அந்த முறை எனக்காக அவர் பேசவில்லை.

“குடுத்திருக்கலாம்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதன்பிறகு பாக்கியம் சட்டி பானைக்குச் சாம்பல் தொட்டதில்லை, வாய்க்கால் மணலில்தான் விளக்கினாள். கந்தையா அண்ணை துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி தகரம் தட்டினார். யானை வந்தது, தின்றது, போனது.

நான் இன்னும் பல வருடம் போத்தல் அனுப்பினேன். தட்டு கறுத்துத்தான் கிடந்தது, தொடவில்லை. அந்தப் பெரிய நாடுகளில் இந்த வேலை பார்க்கிற ஆட்களும் இருப்பார்கள். குண்டுக்குப் பக்கத்தில் நின்று, பூட்டு சரியா, கணக்கு சரியா என்று பார்க்கிற என்னைப் போன்ற கூலி ஆட்கள். அவர்களிலும் யாராவது ஒருவர் தன் மேலாளுக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றிருப்பார் என்று நான் யோசிப்பேன். என்னுடையது வெறும் தட்டு.

நீங்கள் என் கொப்பியைப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கிழமையைத் தேடுங்கள். மழை இலக்கம் ஏழு நாளும் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக் குறிப்பில் என் பிழை எழுத்து இருக்கும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நாலு குறிப்பும் வெறுமையாக இருக்கும். வெறுமை என்றால் அந்த ஆள் பார்க்கவில்லை என்று நம்புங்கள் என்றுதான் ஓவசியர் எங்களைப் பழக்கினார்.

அந்த நாலையும் நம்ப வேண்டாம். நான் பார்த்தனான்.